பெயர், வரிசை சரிபார்க்கவும்

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை, காலை டீக்குப் பிறகு.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா ஜஹனாரா அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த ஒரே தம்பி மெஹபூப் அலி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் சாய்மாவும் உபைதும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறோம். தாங்களும் மச்சானும் நலம் என்பதை, சென்ற வாரம் மூன்று முறை தங்கள் அடையாறு வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே குக்கர் விசில் அடித்ததையும், "அவன் போயிட்டானா?" என்று தாங்கள் மச்சானைக் கேட்டதையும் வைத்துத் தெரிந்துகொண்டேன். குரல் நல்ல திடமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நேரில் சொல்லலாம் என்றால் கதவு திறக்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. அதனால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடக்கூடிய தூரத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. அதுவும் சுலபமாக இல்லை. நாற்பது வருஷம் மயிலாப்பூரில் கல்யாணக் கார்டுக் கடை நடத்தி எல்லா மதத்துக்காரர்களுக்கும் அடித்துக் கொடுத்த கை அல்லவா, காகிதத்தில் பேனாவை வைத்தவுடன் 'நிகழும் மங்களகரமான' என்று அதுவாகவே ஓடுகிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் ஸலாமே எழுத வந்தது. இனிமேல் 'தாங்கள்' என்று எழுதவும் என்னால் முடியாது. நீ கோபித்துக்கொண்டாலும் நீ எனக்கு நீதான்.

விஷயம் உனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உபைதுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பெண்ணுக்குக் கருகமணி கட்ட வேண்டும், கூடப்பிறந்தவள் இல்லையென்றால் தகப்பனோடு பிறந்த குப்பி கட்ட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். உபைதுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. குப்பி என்று இருப்பது நீ ஒருத்திதான். அந்தக் கறுப்பு மணியையும் நீதான் கோத்து உன் பீரோவில் வைத்திருக்கிறாய். என் நிக்காஹ்வில் சாய்மாவுக்குக் கட்டியதும் நீதான். அன்று நீ போட்ட முடிச்சு முப்பத்து மூன்று வருஷமாக அவிழவில்லை, நடுநடுவே நாங்கள் இருவரும் மாறி மாறி முயன்றுகூடப் பார்த்துவிட்டோம். அப்படிப்பட்ட கை ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வராவிட்டால் என் பிள்ளையின் கல்யாணம் எனக்குக் கல்யாணமாகவே இருக்காது. இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. (நேற்று இரவு மட்டும் இறங்கியது. சாய்மா தால்சா வைத்திருந்தாள்.)

இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீதிபதி மாதிரி உட்கார்ந்து கேள். பெண் வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியும். மணப்பெண் சிம்ராவின் அம்மா ரூபீனா பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. நிச்சயத்துக்கு வந்திருந்தபோது அவர் என்னிடம் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். நான் பத்து நிமிஷமும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பிறகுதான் உபைத் சொன்னான், அவர் தன் கணவருக்கு நடந்த பைபாஸ் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நிக்காஹ் அன்று சம்மந்தி வீட்டாரை வாசலில் நின்று வரவேற்று நாலு வார்த்தை ஒழுங்காக இங்கிலீஷில் பேசாமல் விடுவதில்லை என்று, தெருக்கோடியில் இருக்கும் டியூஷன் சென்டரில் பெரியவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்ந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் பென்சில் பாக்ஸ் வாங்கிய சந்தோஷம் உனக்குப் புரியாது அக்கா! முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

டீச்சர் பெயர் ஷண்முகப்ரியா. உபைதைவிடச் சின்னப் பெண், ஆனால் கையில் மார்க்கர் வந்தால் நமக்கே எழுந்து நிற்கத் தோன்றும். அந்த வாரம் அவர் கற்றுக்கொடுத்த சொல்தான் ரூட். மரியாதையில்லாமல் நடந்துகொள்கிறவரைச் சொல்கிற சொல். நமக்குத் தெரியாத சொல்லா? காலையிலிருந்து இரவு வரை இந்த ஊர் முழுக்க அதுதான் ஓடுகிறது. நம் அம்மா காலத்தில் ஒருவர் வெடுக்கென்று பேசுவார், ஒருவர் கடுகடு என்றிருப்பார், ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்வார், ஒருவர் எடுத்தெறிந்து பேசுவார், ஒருவர் வாயே திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தனை பேரையும் இன்று ஒரே சொல்லில் சுருட்டி வைத்துவிட்டார்கள். தி. நகர் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண் "எடுக்கலன்னா மடிச்சி வச்சிடவா?" என்று கேட்டால் சாய்மா என் காதில் "எவ்ளோ ரூடு பாருங்க" என்கிறாள். அதே சாய்மாவிடம் இன்னொரு டீ கேட்டேன் என்றால் "இல்ல"வோடு சரி. அது ரூட் இல்லையாம், அது பதிலாம்.

வீட்டுப்பாடமாக ஒரு தாள் கொடுத்தார்கள். பத்து வரி. ஒவ்வொரு வரியும் ஒரே அச்சு: ஒரு வெற்றிடம், அப்புறம் 'ஈஸ் ரூட் பிகாஸ்', அப்புறம் இன்னொரு வெற்றிடம். "சார், சும்மா கற்பனையா எழுதாதீங்க. உங்க டெய்லி லைஃப்ல இருக்கறவங்க பேரப் போட்டு எழுதுங்க, அப்பதான் மனசுல நிக்கும்" என்றார் மேடம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். எதிரில் உபைத் நிக்காஹ் கார்டின் ப்ரூஃப் இருந்தது, அன்றைக்குத்தான் அச்சகத்திலிருந்து வந்தது.

வெற்றிடத்தைக் கண்டால் எனக்கு உடம்பு பதறும், அது உனக்குத் தெரியும். கடை ஆரம்பித்த புதிதில் அபிராமபுரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு மாதிரிக் கார்டில் 'மணமகன் பெயர் இங்கே' என்று போட்டு வைத்திருந்தேன், அதை எடுக்க மறந்து அப்படியே முந்நூறு கார்டு அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. அந்தப் பிள்ளையை இன்றைக்கும் அவர்கள் வீட்டில் 'பெயரிங்கே மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்றோடு ஒரு சட்டம் வைத்தேன். வெற்றிடத்தைக் காலியாக விடக்கூடாது, பொய்ப் பெயரும் போடக்கூடாது, உண்மையான பெயரை மரியாதை வரிசைப்படி போட வேண்டும். பெரியவர் மேலே, சின்னவர் கீழே. பெயர் விடுபட்டால் சண்டை, வரிசை மாறினால் அதைவிடப் பெரிய சண்டை. நாற்பது வருஷத்தில் வரிசைக்காக என் கடை வாசலில் செருப்பைக் கழற்றியவர்களும் உண்டு.

அந்தப் பழக்கத்தில்தான் அக்கா, அல்லாஹ் மேல் ஆணையாக அந்தப் பழக்கத்தில் மட்டும்தான், பத்து வெற்றிடத்தையும் மரியாதை வரிசைப்படி நிரப்பினேன். முதலில் மச்சான் பெயரைத்தான் எழுதப் போனேன். ஆனால் இங்கிலீஷ்காரர்கள் எதிலும் பெண்களுக்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள் என்று மேடம் அதற்கு முந்தைய வகுப்பில் சொல்லியிருந்தார். ஆகவே குடும்பத்திலேயே மூத்தவளும், என் உள்ளத்தில் முதல் இடத்தில் இருப்பவளுமான உன் பெயரை முதல் வரியில் எழுதினேன். ஜஹனாரா ஈஸ் ரூட் பிகாஸ். இதை எழுதிவிட்டு, ஏன் என்று யோசிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அறுபத்திரண்டு வருஷத்தைத் துழாவிப் பார்த்தேன். உன்னிடத்தில் ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில், டீ கொடுப்பதற்கு முன்னால் என் சுகர் எவ்வளவு என்று கேட்கிறாய் என்று எழுதினேன். இதுதான் உன் குற்றம். இதற்குமேல் உன்மேல் எழுத ஒன்றும் இல்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

இரண்டாவது மச்சான், நான் ஸலாம் சொல்லி முடிக்கும் முன்பே போனை வைத்துவிடுகிறார் என்று. மூன்றாவது சாய்மா, என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை என்று. நான்காவது உபைத், காது கொடுக்காமலே 'ஓகே' என்கிறான் என்று. ஐந்தாவது மாடி வீட்டு வைதேகி, என் வேட்டி காய்கிற நேரம் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று. அதற்குமேல் ஆள் கிடைக்காமல் மிக்ஸி, லிஃப்ட், மந்தைவெளி சிக்னல், கொசு என்று நாலு வரியை ஓட்டினேன். பத்தாவது வரியில் சம்மந்தி அம்மா பெயரைப் போட்டேன். அங்கே மட்டும் பயம் வந்து, 'ரூபீனா ஈஸ் நாட் ரூட் பிகாஸ் ஐ டோண்ட் நோ ஹர் வெல்' என்று முடித்தேன். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, அக்கா. பத்தும் இங்கிலீஷ், பத்தும் என் சொந்தக் கை!

இரண்டு தாளையும் போட்டோ எடுத்தேன். வீட்டுப்பாடம் மேடத்துக்கு, கார்டு ப்ரூஃப் நம் குடும்பத்து நிக்காஹ் குரூப்புக்கு. அனுப்பும்போது போட்டோ மாறிவிட்டது. வெறும் போட்டோவாக மட்டும் போயிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ப்ரூஃப் அனுப்பும்போது கடையில் எப்போதும் சேர்த்து எழுதுகிற வாக்கியத்தை விரல் தானே தட்டிவிட்டது. 'பெயர், வரிசை சரிபார்க்கவும். மாலை ஆறு மணிக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் இப்படியே அச்சுக்குப் போகும்.' ஜஹனாரா ஈஸ் ரூட் என்பதற்குக் கீழே இது.

முதல் பதில் யாரிடமிருந்து வந்தது என்பதை உனக்கு நினைவுபடுத்த விரும்பவில்லை, ஆனால் என் நியாயத்துக்காக நினைவுபடுத்தத்தான் வேண்டியிருக்கிறது. மச்சான்தான். 'பெயர் சரி. வரிசை சரி. அச்சுக்கு அனுப்பலாம். மாஷா அல்லாஹ்.' அவர் தாளைத் திறந்தே பார்க்கவில்லை, எல்லாக் கார்டுக்கும் அவர் இப்படித்தான். என்னை வாசலில் நிறுத்தி வைத்தது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அவரை உள்ளே உட்கார வைத்துச் சோறு போடுவது எந்த நியாயம்?

அதற்குப் பிறகு என் போன் பட்ட பாடு! பெரியப்பா மகன் உமர் ஃபாரூக் உடனே கூப்பிட்டான். கோபித்துக்கொள்ளப் போகிறான், நல்ல வேளை அவன் பெயரை எழுதவில்லை என்று நிம்மதியாக எடுத்தேன்.

"அண்ணே, லிஸ்ட்ட பாத்தேன். என் பேரு எங்க?"

"தம்பி, அது கார்டு இல்லடா. ரூடானவங்க லிஸ்ட்டு. நீதான் தங்கமான புள்ளயாச்சே."

"எந்த லிஸ்ட்டா இருந்தா இன்னா அண்ணே? குடும்ப லிஸ்ட்டுனா குடும்ப லிஸ்ட்டுதான். கொசுக்கு எடம் கீது, எனக்கு எடம் இல்லியா?"

அவனைச் சமாதானம் செய்யக் கொசுவை அடித்துவிட்டு அவன் பெயரைப் போட வேண்டியதாகிவிட்டது. காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நீயே ஏதாச்சும் பாத்துப் போடு அண்ணே, கொஞ்சம் கெத்தா போடு" என்றான்.

போனை வைப்பதற்குள் மாடியிலிருந்து வைதேகி இறங்கி வந்துவிட்டார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்தத் தன் இடத்தைக் கொடுத்திருக்கிறார் என்று அவரையும் குரூப்பில் சேர்த்திருந்தோம். "ஏன் சார், நான் ரூடாவா நடந்துண்டேன்? செடிக்கு ஜலம் விட்டா உங்காத்துல விழறதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதோ?" என்று ஆரம்பித்தவர், நான் வாய் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா குடும்பத்துக்காரா நாலு பேருக்கு அடுத்தாப்ல என்னைப் போட்டிருக்கேள். எங்காத்துக்காரர்ட்ட காமிச்சேன். அவருக்கு ஒரே சந்தோஷம்" என்றார். அன்று மாலையே ஒரு பாத்திரம் நிறையப் பால் பாயசம் வந்தது. என் சுகரைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அதே குரூப்பில் இருந்த சம்மந்தி அம்மாவை நினைத்துத்தான் பயந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து என் தாளே போட்டோவாகத் திரும்பி வந்தது. சிவப்பு மையில் பதினேழு இடத்தில் சுழித்திருந்தார். 'ஷி ஆஸ்க்' என்பதை 'ஷி ஆஸ்க்ஸ்' என்று திருத்தியிருந்தார். கீழே பத்துக்கு ஏழு, 'குட் எஃபர்ட்'. பத்தாவது வரிக்குப் பக்கத்தில், நிக்காஹ்வுக்குப் பிறகு நன்றாகத் தெரிந்துகொண்டு இந்த வாக்கியத்தை மறுபடி எழுதவும் என்று குறிப்பு வேறு. அந்த ஏழு மார்க்கைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நான் தாண்டாத எல்லையாயிற்றே!

அந்தப் பக்கம் மேடத்துக்குப் போனது கார்டு ப்ரூஃப் அல்லவா? அவர் அதையும் மனசாட்சியோடு திருத்தி அனுப்பியிருந்தார். 'கையெழுத்து மிக அழகு சார். ஆனால் ரூட் என்ற சொல்லை எங்குமே பயன்படுத்தவில்லையே?'

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாசிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மறுநாள் காலை வந்ததும் வாளியை டங்கென்று வைத்தாள். பக்கத்துக் கால்வாய்க் கரையிலிருந்த அவர்கள் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்த பிறகும், இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருகிறவள் அவள்.

"இன்னா நைனா, ஊர்ல கீறவன் பேரெல்லாம் எழுதிக்கினியாமே? பதினெட்டு வருசமா உன் வூட்ல தேச்சிக்கினு கீறேன். ஒரு ரூடுக்குக்கூட நானு லாயக்கில்லியா?"

"அம்மாசி, நீ ரூடே இல்லம்மா."

"யாரு சொன்னது? நேத்து உன் டிபன் பாக்ஸ ஊறப் போடாத வச்சதுக்கு நானு உன்ன இன்னா கேட்டேன்னு நெனப்புல கீதா? அத எழுது!"

மிக்ஸியை அடித்துவிட்டு அம்மாசியைப் போட்டேன். தாளைக் காட்டச் சொல்லிக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

ஆக, அக்கா, எழுதப்பட்டவர்களில் ஒருவருக்கும் என்மேல் வருத்தம் இல்லை, எழுதப்படாதவர்களுக்குத்தான் வருத்தம். உன் ஒருத்தியைத் தவிர. அதுவும் உன் கோபம் எனக்கு ஒரு கணக்கில் பிடிபடவில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை தாள் வந்தது. வியாழக்கிழமை நான் போன் செய்தபோது நீ எடுத்தாய், "மீன் அடுப்புல இருக்கு, அப்பறம் பேசறேன்" என்றாய். உன் குரலில் ஒரு சிரிப்புகூட இருந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை உபைத் வந்து உங்கள் வீட்டுக்குக் கார்டு கொடுத்தான், அன்று மத்தியானத்திலிருந்துதான் பேச்சு அடியோடு நின்றது. கோபம் சிலருக்கு உடனே பொங்கும், உனக்கு மூன்று நாள் ஊற வேண்டியிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பத்து நாளில் நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் இனி யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று தடை போட்டேன். உபைத் "அத்தா, இது ரொம்ப ரூடான ரூல்" என்றான். மேடத்திடம் போய், இந்தச் சொல்லுக்கு நேர் எதிரான சொல் என்ன என்று கேட்டு, 'பொலைட்' என்று எழுதி வந்து, ஜஹனாரா ஈஸ் பொலைட் என்று நூறு தடவை எழுதிக் கையோடு கொண்டுவந்தேன். மூன்றாவது முறை உன் வீட்டு வாசலில் நின்றபோது கதவுக்கு அடியில் தள்ளியது அதுதான். மச்சான் அதை எடுத்துப் பார்க்காமலே, "சரி, அச்சுக்கு அனுப்பு" என்று உள்ளிருந்து சொன்னார்.

அக்கா, விளையாட்டாக எழுதிக்கொண்டே வந்துவிட்டேன், ஆனால் மனசு விளையாட்டில் இல்லை. அம்மா மவுத்தான பிறகு எனக்கு அதட்டல் போட இருப்பவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் அதட்டினால் அது ரூட். நீ அதட்டினால் எனக்கு வயிறு நிறையும். ஒரு தாளில் தெரியாமல் எழுதிய ஒரு வரிக்காக என்னை இவ்வளவு நாள் வாசலில் நிறுத்தாதே. அந்த வரிக்கு ஆயிரம் முறை மன்னிப்பு கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நிக்காஹ். பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் கார் நிற்கும். பீரோவைத் திற, மணியை எடு, வா.

மச்சானுக்கு என் ஸலாம். உன் பிரஷருக்கு மாத்திரை தவறாமல் போட்டுக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அதில் பாதிக்காவது என்னோடு பேசும் மனசையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் தம்பி, பத்துக்கு ஏழு வாங்கிய
மெஹபூப் அலி.

பி.கு.: இதை மடித்து உறையில் போடப் போகும்போது உபைத் உன் வீட்டிலிருந்து வந்தான். அவனுக்கு மட்டும் கதவைத் திறந்திருக்கிறாய். "குப்பி குடுத்தாங்க அத்தா, ப்ரூஃப் திருத்தியிருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சனிக்கிழமை கொடுத்த கார்டையே என் கையில் கொடுத்தான். 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே முதல் வரியில் மச்சான் பெயர்: 'அப்துல் சமத் மற்றும் குடும்பத்தினர், அடையாறு.' அந்த வரியின்மேல், விடுபட்ட சொல்லுக்கு ப்ரூஃப் பார்க்கிறவர்கள் போடுகிற கூரைக் குறி. அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. கார்டின் பின்பக்கம்தான் எழுதியிருந்தாய்.

'தம்பி, ரூடுன்னு எழுதுனதுக்கு எனக்கு ஒரு கோவமும் இல்ல. அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். உன் மச்சான் பெயர் சரின்னு போட்டதுக்கு மறுநாளும் சிரிச்சேன். சனிக்கிழம கார்டு வந்துச்சு. நம்ம வீட்ல எத்தனை கல்யாணத்துக்கு எத்தனை கார்டு அடிச்சிருக்கே, உன் கல்யாணத்துக்கும் சேத்து. ஒண்ணுலயாவது ஜஹனாரான்னு இருக்கா, எடுத்துப் பாரு. நான் எப்பவும் குடும்பத்தினர்தான். கொசு பேரு எழுத எடம் இருந்துச்சு உனக்கு. இங்கிலீஷ்ல என்னை மொதல்ல போடத் தெரிஞ்சவனுக்குத் தமிழ்ல எங்க போடறதுன்னு தெரியலியா? மணி கோத்து ரெடியா இருக்கு. பேரப் பாத்துட்டு வரேன்.'

அக்கா, மேலே எழுதிய பக்கங்களை எல்லாம் படிக்காதே. படித்துவிட்டிருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அத்தனை மன்னிப்பையும் தப்பான குற்றத்துக்குக் கேட்டிருக்கிறேன். பழைய மாதிரிக் கார்டுகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஒன்றில்கூட இல்லை. ஊரில் உள்ளவர்கள் பெயர் விடுபட்டால் என் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். நீ சண்டை போடவே இல்லை, நானும் விடுபட்டது என்று நினைக்கவே இல்லை.

கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பேனாவோடு கிளம்பினேன். கார்டு கொடுத்த வீட்டுக்கெல்லாம் போய், கொடுத்ததைக் கேட்டு வாங்கி, என் கையால் உன் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மந்தைவெளி முடிந்தது, அபிராமபுரம் முடிந்தது, ராஜா அண்ணாமலைபுரத்தில் பாதி முடிந்தது. நாளை மற்றவை. எல்லோரும் என்ன ஏது என்று கேட்கிறார்கள். அச்சுப் பிழை என்கிறேன். நாற்பது வருஷத்துப் பிழை என்று சொல்லவில்லை.

உனக்கான கார்டு இத்துடன் இருக்கிறது. அந்த வரிக்குமேல் இடமே இல்லாததால் மச்சான் பெயரை அடித்துவிட்டுத்தான் உன் பெயரை எழுத முடிந்தது. 'ஜஹனாரா மற்றும் குடும்பத்தினர்' என்று திருத்திய எல்லாக் கார்டிலும் வந்துவிட்டது, அந்தக் குடும்பத்தினரில் அவர் பத்திரமாக இருக்கிறார். இதை மட்டும் நீயே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் ரூடாக இருக்கும்.